அம்ஸ்டர்டாமிலிருந்து அம்ஸ்டர்டாமுக்கு

ஆசிரியத் தொழிலில் முப்பத்தைந்து வருடங்களைக் கழித்தவனுக்கு அட்டவணை போடாமல் எதையும் செய்ய வராது. பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற பின்னரும் கோடு கீறிக்கொண்டே இருக்கிறது. கடந்த மாதம் ஒருநாள் மாலை, பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து மூன்று பத்திகளைக் கீறினேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று தலைப்பும் இட்டேன். ஜெர்மனியிலே, கொலோன் நகரில் வாழும் என் மகள், வருகிற சித்திரையில் தன்னிடம் வரும்படி எழுதியிருந்தாள். அங்கிருந்து புகையிரதத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் அம்ஸ்டர்டாம் சேர்ந்துவிடலாம். மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பது அவளுடைய அழைப்பு. ஒரு யூரோவுக்கு 300 ரூபாவுக்கு மேல் கொடுக்கவேண்டிய இந்நாளில், ஓர் ஆசிரியனுடைய ஓய்வூதியம் அந்த நகரத்தில் எத்தனை மணி நேரம் உயிர்வாழும் என்பதை அவள் அறிவாள்.

பாரிஸ் இருக்கிறது, லண்டன் இருக்கிறது. ஏன் அம்ஸ்டர்டாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்த ஊருக்கும் ஒருகாலத்தில் அம்ஸ்டர்டாம் என்றுதான் பெயர்.

எங்கள் ஊர் காரைநகர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, பொன்னாலைப் பாலம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தீவு. எங்கள் துறையில் நின்று பார்த்தால் கடல் நடுவே சிறு கோட்டை ஒன்று தெரியும். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித் தொடையின் குதிப்பக்கம் என்பது அதன் பொருள். இலங்கைத் தீவின் உருவம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்டுக் காயவைத்த பன்றித் தொடையாகத் தோன்றியதாம். ஒரு நாட்டைப் பார்த்த மாத்திரத்தில் உண்ணும் பொருள் நினைவுக்கு வந்ததென்றால், வந்தவர்களின் பசியைப் பற்றி வேறு சான்று வேண்டியதில்லை.

ஆறாம் வகுப்பில் எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் தீவுப்பகுதியை வரைந்து, ஒல்லாந்தர் தங்கள் படங்களில் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்டர்டாம். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்ற பெயர் மாத்திரமே ஆங்கிலப் படங்களில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வகுப்பு முழுவதும் சிரித்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு கடைசி வாங்கில் இருந்தவன்கூட அன்று ஐரோப்பிய நகரவாசியானான். நான் மட்டும் சிரிக்கவில்லை என்று பெருமை பேசமாட்டேன், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெயர் மனதில் தங்கிவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய பின், பெயரை இரவல் தந்த நகரத்தைப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது.

*

மகள் அனுப்பிய அட்டவணை அழகானது. முதல் நாள் கால்வாய்களில் படகுச் சவாரி, மலர்ச் சந்தை. இரண்டாம் நாள் றைக்ஸ் அரும்பொருளகம், ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய இராக்காவல் ஓவியம். மூன்றாம் நாள் ஆன் பிராங்க் ஒளிந்திருந்த வீடு, பின்னர் பாற்கட்டிக் கடைகள். ஆன் பிராங்க் வீட்டுக்கு நேரே போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள், நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே இணையத்தில் அனுமதிச்சீட்டு எடுக்கவேண்டும் என்பதையும் அவள் குறித்திருந்தாள். தங்குமிடக் கட்டணத்துக்கு மேல் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் உல்லாசப் பயணிகளுக்கான வரி 2024ஆம் ஆண்டு முதல் அங்கே அறவிடப்படுகிறது. அதையும் கணக்கிற் சேர்த்திருந்தாள். பார்க்க வருவோரின் பெருக்கத்தால் வாழ்வோருக்கு இடமில்லாமற் போகும் நகரங்களில் அதுவும் ஒன்று.

அதைப் படித்துவிட்டு நான் என் அப்பியாசக் கொப்பியில் வேறோர் அட்டவணை எழுதினேன். தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள்.

“அப்பா, நீங்கள் ஊர் பார்க்கப் போறியளோ, வழக்குப் பேசப் போறியளோ?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் அட்டவணையில் மலர்ச் சந்தை இல்லை, படகும் இல்லை.

*

அந்நகரின் கால்வாய்களைப் பற்றி நான் அலட்சியமாக எண்ணவில்லை. மனித உழைப்பின் அற்புதங்களுள் அவையும் அடங்கும். சேறும் சதுப்புமான நிலத்தில், நீரோடு மல்லுக்கட்டி எழுப்பிய நகரம் அது. 1613இல் தொடங்கி, பழைய நகரத்தைச் சுற்றிப் பிறைவடிவாகக் கால்வாய்களை அகழ்ந்தார்கள். ஹேரன்க்ராக்ட் என்பது கனவான்களின் கால்வாய். கைசர்ஸ்க்ராக்ட் பேரரசனின் கால்வாய். பிறின்சன்க்ராக்ட் இளவரசனின் கால்வாய். மண்வெட்டி பிடித்தவனின் பெயரில் ஒரு கால்வாயும் இல்லை. 2010இல் யுனெஸ்கோ அந்தக் கால்வாய் வளையத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

அங்கே வீடு கட்டுவதென்றால் முதலில் மரங்களை நிலத்துள் அறையவேண்டும். மென்மையான மேல்மண்ணைத் துளைத்து, கீழேயுள்ள மணற்படையில் ஊன்றும்வரை முழுமுழு மரங்களை அடித்து இறக்கி, அவற்றின் தலைமீது சுவர் எழுப்பினார்கள். காற்றுப் படாமல் நீருள் அமிழ்ந்திருக்கும்வரை அம்மரம் உக்குவதில்லை. 1655இல் திறந்துவைக்கப்பட்ட நகர மண்டபம், இன்று அரச மாளிகையாக விளங்குவது, 13,659 மரங்களின் மேல் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவது பளிங்கு. தாங்குவது நீருக்கடியிற் கிடக்கும் மரம். சமுதாயத்தின் அமைப்பை மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வீடுகள் ஒடுங்கியவை, உயர்ந்தவை. ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் ஒரு வளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியிற் கொளுக்கி. படகில் வந்த மூட்டைகளைக் கயிறு கட்டி மேற்றட்டுக்கு ஏற்றுவதற்காக வைத்தது. பிரயாணிகள் அதைப் படம் பிடிக்கிறார்கள். அந்தக் கொளுக்கியில் என்ன தொங்கியது என்று கேட்கும்போதுதான் நம்முடைய சரித்திரம் தொடங்குகிறது.

கறுவாவும் தொங்கியது. 1602இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின், உலகத்துக் கறுவா வியாபாரம் ஏறக்குறைய அதன் கைப்பிடிக்குள் வந்தது. இலங்கையின் தென்மேற்குக் காடுகளில் கறுவா உரித்த சாலியர் சமூகத்தவருக்கு அது கட்டாய ஊழியம். அனுமதியின்றிக் கறுவாப் பட்டையை விற்றவனுக்கு மரண தண்டனை. வடக்கிலே வன்னி யானைகள், சாயவேர், சங்கு, பனைமரம் என்று கணக்குப் பதிந்தார்கள். எல்லாம் போய்ச் சேர்ந்த கணக்குப் புத்தகங்கள் அம்ஸ்டர்டாமின் அவுட ஹோக்ஸ்ட்ராட் வீதியிலுள்ள கிழக்கிந்திய மாளிகையில் விரிக்கப்பட்டன. அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. பல்கலைக்கழகம் அதைப் பயன்படுத்துகிறது. மாணவர்கள் முற்றத்தில் துவிச்சக்கர வண்டிகளைச் சாத்திவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். என் அட்டவணையின் முதல் நாள், முதல் இடம் அது.

1760ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாமிலே மலையாகக் குவித்த கறுவாவைத் தீயிட்டு எரித்ததை நேரிற் கண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கறுவா கெட்டுப்போனதல்ல காரணம். சந்தையில் விலை விழுந்துவிடக்கூடாது என்பதே காரணம். அந்த வாசனை நெடுந்தூரம் பரவியிருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் இங்கே ஒருவனுடைய முதுகு வளைந்தது என்பதை அந்த வாசனை எவருக்கும் சொல்லியிராது.

முதல் நாளின் இரண்டாவது இடம் ஹேரன்க்ராக்ட், 502ஆம் இலக்க வீடு. நகர முதல்வரின் உத்தியோக வாசஸ்தலம். பதினேழாம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர் மேற்கிந்தியக் கம்பனியின் இயக்குநர்களுள் ஒருவரான பாவ்லுஸ் கோடின். அடிமை வியாபாரத்தில் பொருள் ஈட்டியவர். அதைச் சொல்லும் நினைவுக்கல் ஒன்று 2006இல் அவ்வீட்டின் முன் வைக்கப்பட்டது. தென்னமெரிக்காவின் சுரினாம் குடியேற்றத்தை நடத்திய சங்கத்தில் அம்ஸ்டர்டாம் நகரசபையே மூன்றிலொரு பங்குக்குச் சொந்தமாயிருந்தது. 1863 ஜூலை முதலாந் திகதி அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, எசமானுக்குத் தலைக்கு 300 கில்டர் நட்டஈடு கொடுக்கப்பட்டது. விடுதலை பெற்றவனுக்குக் கிடைத்தது மேலும் பத்து வருடக் கட்டாய வேலை.

இந்த நகரத்தின் முதல்வர் 2021 ஜூலை முதலாந் திகதி, நகரத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். 2022 டிசம்பரில் பிரதம மந்திரியும், 2023 ஜூலை முதலாந் திகதி அரசரும் மன்னிப்புக் கேட்டனர். அரசர் நின்று பேசிய ஊஸ்டர்பார்க் பூங்காவில் அடிமைகளுக்கான நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. மன்னிப்பு என்ற வார்த்தை பசிக்குச் சோறாகாது. ஆனாலும் சொல்லாதிருப்பதற்கும் சொல்வதற்கும் இடையே வித்தியாசம் உண்டு. அந்தப் பூங்காவையும் முதல் நாளிற் சேர்த்தேன்.

*

இவ்வளவோடு நின்றிருந்தால் என் மகள் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். நான் வழக்குப் பேசத்தான் போகிறவனாயிருப்பேன். ஆனால் ஒரு நகரத்தில் எசமானர்கள் மாத்திரம் வாழ்வதில்லை. கனவான்களின் கால்வாய்க்கு அப்பால் இன்னோர் அம்ஸ்டர்டாம் இருக்கிறது. இரண்டாம் நாள் முழுவதையும் அதற்கு ஒதுக்கினேன்.

பிறின்சன்க்ராக்ட் கால்வாயைத் தாண்டினால் யோர்டான். தொழிலாளரும் கைவினைஞரும் இருட்டறைகளில் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பு. 1934 ஜூலையில், வேலையற்றோருக்கான உதவிப்பணத்தை அரசாங்கம் குறைத்தபோது, இந்த ஒழுங்கைகளில் மக்கள் கற்களைப் பெயர்த்து மறியல் கட்டினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இன்று அங்கே ஓர் அறையின் வாடகை தொழிலாளிக்கு எட்டாது. பழைய வறுமைக்கு வர்ணம் பூசிப் பணக்காரருக்கு விற்கும் வித்தை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

அந்தப் பகுதியிலே நோர்டர்மார்க்ட் என்றொரு சந்தைச் சதுக்கம். 1941 பெப்ரவரி 24ஆம் திகதி மாலை அங்கே நகரத் தொழிலாளர்கள் திறந்த வெளியிற் கூடினார்கள். நாஸிப் படை நாட்டைப் பிடித்து ஒன்பது மாதங்களாகியிருந்தன. அதற்கு முன்னிரண்டு நாட்களில் யூதர் குடியிருப்பிலிருந்து 400க்கும் மேற்பட்ட வாலிபர்களை நாஸிகள் அடித்து இழுத்துச் சென்றிருந்தார்கள். தெருவுக்குக் கல் பதிக்கும் தொழிலாளி வில்லம் கிரானும், நகரசபைச் சுத்திகரிப்புத் தொழிலாளி பீட் நாக்கும் வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர்களுள் முன்னின்றவர்கள். தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சி துண்டுப்பிரசுரம் வெளியிட்டது. மறுநாட் காலை ட்ராம் வண்டிகள் ஓடவில்லை, துறைமுகம் அசையவில்லை, தொழிற்சாலைகள் அடைபட்டன. இரண்டு நாட்களில் துப்பாக்கியால் அதை அடக்கினார்கள். மறு ஆண்டு கிரானைச் சுட்டுக் கொன்றார்கள்.

தம் சொந்தக் கூலிக்காக அல்ல, தம் அயலவரான வேறோர் இனத்தவரை இழுத்துச் சென்றதற்காக ஒரு நகரத்தின் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். இந்த நாட்டிலே, 1958ஐயும் 1983ஐயும் கண்டவன் நான். எத்தனை துறைமுகங்கள், எத்தனை புகையிரதங்கள் அந்த நாட்களில் நின்றிருக்கக்கூடும் என்று எண்ணாமல் இந்தச் சம்பவத்தை என்னாற் படிக்க முடிவதில்லை. யோனாஸ் டானியல் மேயர் சதுக்கத்தில் 1952இல் வைக்கப்பட்ட துறைமுகத் தொழிலாளி சிலை இந்த வேலைநிறுத்தத்தின் நினைவு. மாரி அன்ட்ரீசன் செய்தது. ஒவ்வோராண்டும் பெப்ரவரி 25ஆம் திகதி மக்கள் அங்கே மலர் வைக்கிறார்கள். மகள் குறித்த மலர்ச் சந்தையை நான் என் அட்டவணையில் மீண்டும் சேர்த்தது இந்த இடத்தில்தான். வெறுங்கையோடு அந்தச் சிலையடிக்குப் போகலாகாது.

அடுத்தது ஹெட் ஸ்கிப். கப்பல் என்று பொருள். மிஷெல் டி கிளெர்க் என்ற கட்டிடக் கலைஞர் தொழிலாளருக்காக வரைந்து, 1921இல் முடிவுற்ற வீட்டுத் தொகுதி. 1901இல் நிறைவேற்றிய வீடமைப்புச் சட்டத்தின் பயனாக எழுந்தவற்றுள் ஒன்று. 102 வீடுகள், ஒரு தபாற்கந்தோர், அலை போல வளைந்த செங்கற் சுவர், எதற்கும் பயன்படாத, பார்க்க அழகான ஒரு கோபுரம். தொழிலாளிக்குக் கூரை போதும், கோபுரம் எதற்கு என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கவே அங்கு போகிறேன்.

இரண்டாம் நாளின் கடைசி இடம், சமூக வரலாற்றுக்கான சர்வதேச நிறுவனம். பாசிசத்தின் கைக்கு அகப்படாமல் தொழிலாளர் இயக்கத்தின் ஏடுகளைக் காப்பாற்றுவதற்கென்று 1935இல் நிறுவப்பட்டது. மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆகியோரின் கையெழுத்துகள் அங்கே இருக்கின்றன. கம்யூனிஸ்ட் அறிக்கையின் முதல் வரைவில் எஞ்சிய ஒரே ஒரு தாளும் அங்கேதான். அதன் தலையிலுள்ள இரண்டு வரிகள் மார்க்ஸின் மனைவி ஜென்னியின் கையெழுத்து. ஆராய்ச்சி செய்வோருக்கான இடம் அது, காட்சிச்சாலை அன்று. அந்த வாசலிற் சற்று நின்றுவிட்டு வந்தாலும் எனக்குப் போதும். பதினெட்டு வயதில், மெழுகுதிரி வெளிச்சத்தில், அட்டையில்லாத தமிழ்ப் பிரதியொன்றில் அந்த அறிக்கையைப் படித்தவன் நான்.

மூன்றாம் நாளுக்கு றைக்ஸ் அரும்பொருளகத்தை நானும் வைத்துக்கொண்டேன். ஆனால் நான் பார்க்க விரும்புவது அங்கே இல்லாத ஒன்றை. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்ற, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கி நீண்டகாலம் அங்கே இருந்தது. 2023இல் அதனையும் வேறைந்து பொருள்களையும் திருப்பித் தருவதென்று தீர்மானித்து, அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு பொருள் இருந்த வெற்றிடத்தைப் பார்ப்பதற்கும் அனுமதிச்சீட்டுத் தேவைதான். அதற்குக் காசு கொடுக்க நான் சம்மதம்.

அன்று பிற்பகல் ஆன் பிராங்கின் வீடு. 1942 ஜூலை முதல் 1944 ஓகஸ்ட் வரை எட்டுப் பேர் மூச்சையடக்கி வாழ்ந்த வீடு. கீழே களஞ்சியத்தில் வாசனைத் திரவியங்களை அரைத்தார்கள்; மேலே ஒரு சிறுமி நாட்குறிப்பு எழுதினாள். இந்த ஓரிடத்தில் எனக்கும் மகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

*

அட்டவணையைப் பூர்த்தி செய்து, சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டு வைத்திருந்த வேளையில் என்னைப் பார்க்க ஒருவர் வந்தார். என்னிடம் படித்தவர், இன்று அவரும் சரித்திர ஆசிரியர். என் மாணவருள் என் நூல்களை இரவல் வாங்கி, ஒழுங்காகத் திருப்பித் தந்த மிகச் சிலருள் ஒருவர். கொப்பியை நீட்டினேன். நிதானமாக வாசித்தார். கிழக்கிந்திய மாளிகை, அடிமைகளின் நினைவுச்சின்னம், பெப்ரவரி வேலைநிறுத்தம் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு கொப்பியை மூடி என் மேசைமீது வைத்தார்.

“நல்லாய்த்தான் எழுதியிருக்கிறியள், சேர். ஒண்டு கேட்கலாமோ? ஒல்லாந்தன் இஞ்ச எழுதி வைச்சதிலை இண்டைக்கும் உயிரோடை இருக்கிறது எது?”

“தேசவழமை” என்றேன்.

“அதிலை அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கு. அதை ஒல்லாந்தன் தன்ரை ஊரிலையிருந்து கொண்டுவந்தவனோ?”

நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும். 1706இல் ஒல்லாந்த ஆளுநரின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்தவரின் வழக்காறுகளைத் திரட்டி, 1707இல் எழுதி முடித்தார். எழுதியது சரிதானா என்று பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சம்மதம் தெரிவித்தார்கள். அவர்கள் தமிழர்கள், எங்கள் பெரியவர்கள். எந்தெந்தச் சாதியார் அடிமைகள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் அந்த ஏட்டில் இருந்தன. ஒல்லாந்தன் பேனையைத்தான் கொண்டுவந்தான். சொன்னவர்கள் நாங்கள். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கிணறுகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

“அம்மாவுக்குப் போன கிழமை காய்ச்சல். இப்ப சுகம். நீங்கள் வெளிநாடு போறியள் எண்டு சொன்னன், சந்தோசப்பட்டவ” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். குற்றஞ்சாட்டும் தொனி அவர் குரலில் சற்றும் இருக்கவில்லை. அதுவே எனக்குக் கடினமாயிருந்தது.

அவருடைய தாயார் என் வயதினர். சிறுமியாயிருந்தபோது தன் தாயோடு எங்கள் வளவுக்கு வேலைக்கு வருவார். மத்தியானத்தில் குடத்தைக் கொண்டுவந்து எங்கள் கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு நிற்பார். எங்களில் யாராவது அள்ளி ஊற்றவேண்டும். “சின்ன நயினார், தண்ணி” என்று ஒருமுறை கேட்பார். இரண்டாம் முறை கேட்கமாட்டார். நான் திண்ணையிலிருந்து படித்துக்கொண்டிருப்பேன். பாடத்தை முடித்துவிட்டு எழுந்து போகும்வரை அவர் வெயிலில் நிற்பார். கிணறு அவரிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலத்தைப் பற்றி நான் முப்பத்தைந்து வருடங்களாக வகுப்பறைகளிற் பேசியிருக்கிறேன். பொலிஸார் தடியால் அடித்ததையும், ஊர்வலம் கலையாது சென்றதையும் நேரிற் கண்டவன்போல வருணித்திருக்கிறேன். கேட்ட மாணவர்கள் நானும் அதில் நடந்தேன் என்றே நம்பினார்கள். நான் அதைத் திருத்தவில்லை. உண்மையில் அன்று நான் வீட்டில் இருந்தேன். போகவேண்டாம் என்று தாயார் சொன்னார்; போகாதிருக்க எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டிருந்தது; அது கிடைத்தது. இதை எழுத்தில் வைப்பது இதுவே முதற்றடவை.

ஊரில் யுத்தம் வந்தது. எல்லாரும் ஓடினோம். அகதி முகாமில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். அதோடு எல்லாம் தீர்ந்தது என்று எண்ணியவர்களுள் நானும் ஒருவன். திரும்பி வந்தபோது, சனங்கள் வேலிகளைத்தான் முதலில் அடைத்தார்கள். அந்த அம்மா வாழும் வீடு என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். அவருடைய மகனுக்குக் கல்வி கொடுத்தேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் படியேறி ஒருநாளும் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் போகவில்லை, அவ்வளவுதான்.

*

இப்போது அட்டவணையைத் திருத்தியிருக்கிறேன். ஒல்லாந்தரின் கணக்கை நான் தள்ளுபடி செய்யவில்லை. கிழக்கிந்திய மாளிகையின் முற்றத்துக்குப் போவேன். 502ஆம் இலக்க வீட்டின் முன்னே கல்லைத் தேடி வாசிப்பேன். எங்கள் குற்றம் இருப்பதால் அவர்கள் குற்றம் குறைந்துவிடாது. ஆனால் தன் வளவுக் கிணற்றை மறந்தவன் அடுத்தவனுடைய கால்வாயின் அழுக்கை அளக்கக்கூடாது.

இன்னும் இரண்டு இடங்களையும் சேர்த்தேன். ஒன்று, ஸ்பினோஸாவின் சிலை. அவர் அம்ஸ்டர்டாமிற் பிறந்தவர். 1656 ஜூலையில், இருபத்துமூன்று வயதில், தம் சொந்தச் சமூகத்தாலேயே சாபமிட்டு விலக்கப்பட்டவர். ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்து மூன்று மாதங்கள்கூட ஆகாத நேரம் அது. மற்றது டோரன்ஸ்லயிஸ் பாலத்திலுள்ள முல்டாட்டுலியின் சிலை. அதே நகரிற் பிறந்து, யாவாவில் ஒல்லாந்த அரசின் அதிகாரியாயிருந்து, யாவாக் குடியானவர் படும் கொடுமையைக் கண்டு 1856இல் உத்தியோகத்தை உதறினார். 1860இல் தம் நாட்டுக்கு எதிராகத் தம் நாட்டு மொழியிலேயே ‘மாக்ஸ் ஹவெலார்’ என்ற நாவலை எழுதினார். பிறருடைய பிழையை எழுதுவது இலகு. இந்த இருவரும் தம்மவருக்குள் நின்று பேசியவர்கள்.

படகுச் சவாரியையும் சேர்த்துவிட்டேன். மகளுக்குச் சொன்னபோது நம்பவில்லை. மண்வெட்டி பிடித்தவர்களின் வேலை அது. அதை நீர் மட்டத்திலிருந்து பார்ப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்றேன். “அப்பா, படகில ஏறுறதுக்கும் ஒரு காரணம் வேணுமோ?” என்று சிரித்தாள். வேண்டியதில்லை. அவள் பத்து வருடங்களாக இரவு வேலை செய்து சேமித்த பணத்தில் தகப்பனுக்கு ஒரு மணி நேர மகிழ்ச்சி தர விரும்புகிறாள். உழைப்பவனுக்கு அழகைக் காணும் உரிமையும் உண்டு என்று ஹெட் ஸ்கிப்பின் கோபுரத்தைப் பற்றி எழுதியவன், படகில் ஏறத் தயங்குவது முரண்பாடு.

விஸா விண்ணப்பத்தில் பிரயாணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. சுற்றுலா என்று எழுதினேன். அதற்குமேல் எழுத அங்கே இடமும் இல்லை.

அப்பியாசக் கொப்பியில் மூன்று பத்திகளுக்கு இடப்புறம் சற்று இடம் மிஞ்சியிருந்தது. அங்கே நான்காவதாக ஒரு பத்தியைக் கீறி, ‘புறப்படுமுன்’ என்று தலைப்பிட்டேன். அதன் கீழ் ஒரேயொரு இடத்தின் பெயரே இருக்கிறது. அதற்கு அனுமதிச்சீட்டும் வேண்டாம், விஸாவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறேன் என்று அந்த ஆசிரியரிடம் சொல்லியனுப்பினேன்.

அவர் தாயாரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா என்று கேட்டிருக்கிறார்.